சித்தியின் பெயரில் நான்கு எண்கள்

பதுளையில் நான் வேலை பார்த்த போன் கடையின் மேசை இழுப்பறையில் ஒரே முகம் நான்கு தாள்களில் கிடந்தது. என் சித்தியின் அடையாள அட்டைப் பிரதிகள். தாளுக்கு ஒரு சிம். மை குறைந்திருந்ததால் நான்காவது தாளில் சித்தியின் கண்கள் மட்டுமே தெளிவாக விழுந்திருந்தன.

சித்தி எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்டவர். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் குழந்தைகளை அங்கேதான் விட்டுப் போவார்கள். எந்தக் குழந்தை எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூங்கும் என்பதுவரை அவருக்குத் தெரியும். அந்தப் பெண்களில் மூன்று பேருக்கு அடையாள அட்டை கிடைக்கவில்லை; பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் வேறு பெயர். அட்டை இல்லாமல் சிம் வாங்க முடியாது. பெற்ற பிள்ளையையே நம்பித் தருகிறவர்களுக்குத் தன் பெயரைத் தருவது சித்திக்குப் பெரிதாகப் படவில்லை.

சித்திக்கு ஒன்று, அவர்களுக்கு மூன்று; விதிக்கு மாறானது என்று தெரிந்தேதான் பதிந்தேன். எந்த எண் யாரிடம் இருக்கிறது என்று என் போனில் ஒரு பட்டியலும் வைத்துக்கொண்டேன். பட்டியல் இருந்தால் எதுவும் கைமீறாது என்று நம்பினேன்.

அந்த மூவரில் ஒருவரான, லய வீட்டு வரிசையின் மூன்றாம் காம்பரா அக்கா சித்தியைச் சீண்டுவார். “ஒங்க பேருல வாங்குன நம்பருலதான் எங்க வீட்டுக்காரரு கொழும்புலேருந்து என்னத் திட்டுறாரு. பாதித் திட்டு ஒங்களுக்குத்தான்.”

“முழுசையும் எம்மேல போட்டுருடி,” என்பார் சித்தி.

லயத்துக் குழாயில் தண்ணீர் நின்றுபோன ஒரு மாதத்தில் அந்த அக்கா ஒரு வீடியோ எடுத்தார். தண்ணீரைத் திருப்பிவிட்டவர் என்று ஓர் உத்தியோகத்தரின் பெயரைச் சொல்லி, வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அது தோட்டம் தோட்டமாகப் பரவியது. இணையத்தில் பொய் பரப்பியதாக முறைப்பாடு போனது. முதலில் அனுப்பிய எண் சித்தியின் பெயரில் இருந்தது.

பொலிஸில் சிங்களத்தில் கேட்டதை நான்தான் சித்திக்குத் தமிழில் சொன்னேன். எண் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு என்றார்கள். சிம் தொலைந்துவிட்டது என்று மட்டும் சித்தி சொன்னார். என் பட்டியலைக் காட்டினால் அவர் அனுப்பவில்லை என்று புரியவைக்கலாம். வெளியே வந்ததும் அதைத்தான் சொன்னேன்.

“அவளுக்கு மூணு புள்ள. எனக்கு யாரு இருக்கா? நீ அத அழிச்சுரு.”

என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பஸ் நிலையத்தில், அவர் கண்முன்னே அழித்தேன். அன்று மாலையே அக்கா அந்த சிம்மை அடுப்பில் போட்டுவிட்டார்.

பிறகு பண்டாரவளையில் இணையப் பாதுகாப்புப் பற்றிய கருத்தரங்கு ஒன்றுக்குப் போனேன். புதிய சட்டங்கள் பேச்சுரிமையை என்ன செய்யும், நம் விவரங்கள் யார் கையில் போகின்றன என்றெல்லாம் நன்றாகவே பேசினார்கள். உங்கள் எண்ணை வேறு எவருக்கும் கொடுக்காதீர்கள் என்றார் பேச்சாளர். இலக்கமிட்டு எழுதிக்கொண்டேன். பெயரே சரியாகப் பதியப்படாதவர்கள் எந்த எண்ணை வைத்துக்கொள்வது என்று கேட்க நினைத்தேன். கேட்டிருந்தால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர் திருப்பிக் கேட்டிருப்பார். கையை உயர்த்தவில்லை.

சித்தியின் மேல் போட்ட வழக்கு முடியும்வரை பிள்ளைக்காம்பராவுக்கு வரவேண்டாம் என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள். சித்தி இப்போது வெலிமடையில் கேரட் கழுவப் போகிறார். குளிர்ந்த தண்ணீரில் விரல் நுனிகள் வெடித்திருக்கின்றன. குழந்தைகள் தன்னைத் தேடுகிறார்களா என்று அவர் கேட்பதில்லை. தவணை நாட்களில் நீதிமன்றத்துக்கு நானும் கூடப் போகிறேன். செய்யக்கூடியவை என்று மனதுக்குள் ஒரு பட்டியல் போட்டுப் பார்ப்பேன். துணைக்குப் போவது என்ற ஒன்றைத் தவிர அதில் எதுவும் சேர்வதில்லை.

ஒவ்வொரு தவணையன்றும் மாலையில் மூன்றாம் காம்பரா அக்கா பக்கத்து வீட்டுப் போனிலிருந்து என்னை அழைக்கிறார். அந்த எண்ணும் சித்தியின் பெயரில் உள்ளதுதான்.

“நானே போயி சொல்லிரட்டா, தங்கச்சி?”

பின்னால் ஒரு குழந்தை சோறு கேட்டு அழுகிறது. அடுத்த தவணைத் தேதியை மட்டும் சொல்லிவிட்டுப் போனைக் காதிலேயே வைத்திருக்கிறேன். அவரும் போனை வைப்பதில்லை.