தங்கச்சி கூப்பிட்ட குரல்

தங்கச்சியைப் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டின் ஒரே ஆம்பிளையான நான் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருமலை விழுங்கியபடி இருந்தேன். தலை மொட்டை, முகத்தில் மாஸ்க். "ஒரு மணித்தியாலந்தான் தம்பி, சத்தம் போடாமல் இரு" என்று அம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தா.

எனக்கு வந்தது இரத்தப் புற்றுநோய். எலும்பு மச்சைக்குள் இருக்கும் மூலக்கலங்கள் என்ற ஸ்டெம் செல்கள்தான் இரத்தத்தை உண்டாக்குகின்றன என்று கொழும்பில் டொக்டர் விளங்கப்படுத்தினார். என்னுடையவற்றை மருந்தால் அழித்துவிட்டு, பொருந்தக்கூடிய ஒருவருடையதை ஏற்றவேண்டும். பொருந்தியது தங்கச்சியுடையது மட்டும். அவர் சொல்லி முடிக்க முதலே அவள், "ஓம், எடுங்கோ" என்றாள்.

பெரிய வெட்டுக்கொத்து ஒன்றுமில்லை. சில நாள் ஊசி போட்டு அந்தக் கலங்களை இரத்தத்துக்குள் வரப்பண்ணினார்கள். பிறகு ஒரு கையிலிருந்து போன இரத்தம் மெஷினில் கலங்களை விட்டுவிட்டு மற்றக் கைக்குத் திரும்பியது. குறைந்தது அவளுக்குத் திரும்ப ஊறிவிடுமாம். எனக்கு ட்ரிப்பாய் ஏறியவை தாமாகவே எலும்புக்குள் போய்ச் சேர்ந்தன. சில கிழமையில், "பிடிச்சிட்டுது" என்று டொக்டர் சிரித்தார்.

அம்மாவுக்கு முதலிலிருந்தே ஊரை நினைத்துப் பயம். "முள்ளந்தண்டிலை ஊசி குத்தின பிள்ளை எண்டு கதை கட்டுவினம். பிறகு ஆர் கலியாணம் கட்டுறது?" என்றா. கொழும்புக்குத் தங்கச்சி கொம்பியூட்டர் படிக்கப் போனாள், நான் வேலைக்குப் போனேன் என்று எங்கள் ஊர் கோப்பாய் முழுக்கச் சொல்லிவைத்தா. நான் வாயே திறக்கவில்லை. கதை வெளியே போனால் யாராவது அவளைத் தடுத்துவிடுவார்கள் என்ற பயம். என் உயிர்தான் எனக்குப் பெரிதாய்ப் போயிற்று.

விறாந்தையில் மாப்பிள்ளையின் தாய், "பிள்ளையின்ரை தமையன் எங்கை, காணேல்லை?" என்று கேட்டா. அம்மா, "அவன் கொழும்பிலை..." என்று இழுத்தா.

"அண்ணை உள்ளைதான் இருக்கிறார்" என்றாள் தங்கச்சி. என் புற்றுநோய் வருத்தம், ஊசி, மெஷின், எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு, "அண்ணை, ஒருக்கால் வெளியிலை வாங்கோ" என்று கூப்பிட்டாள்.

எழும்பிக் கதவுக் கொளுக்கியில் கை வைத்தேன். அலுமாரிக் கண்ணாடியில் என் ஊதின முகம் தெரிந்தது. என்னைக் கண்டால் கலியாணம் குழம்பிவிடும் என்று எனக்கே நியாயம் சொன்னேன். பச்சைப் பொய். கூட்டத்துக்குள் போகவேண்டாம் என்று டொக்டர் சொன்னது உண்மைதான், ஆனால் கதவடியில் நிற்க எந்த டொக்டர் தடை? கூச்சம், வேறொன்றுமில்லை. திரும்பக் கட்டிலில் இருந்துவிட்டேன். அவள் இன்னொருக்கால் கூப்பிட்டாள். பிறகு கூப்பிடவில்லை.

"ஆள் படுக்கையோ?" என்று அந்தத் தாய் மெல்லக் கேட்டது எனக்குக் கேட்டது.

பின்னேரம் தரகர் போன் எடுத்தார். யோசித்துச் சொல்லுவார்களாம். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அம்மா குசினிக்குள் போய் அழுதா.

கட்டின சேலையோடேயே தங்கச்சி எனக்கு மருந்து கொண்டுவந்தாள். "என்ரை வருத்தத்தாலைதானே" என்றேன். அவள் குளிசையை என் கையில் வைத்தாள்.

"வருத்தத்தை நான் மறைக்கேல்லையே அண்ணை. நான் தந்தது பிடிச்சிட்டுது, நீங்கள் எழும்பி நடக்கிறியள் எண்டு அவைக்குக் காட்டத்தான் கூப்பிட்டனான்."