ஜி.எஸ்.டி. சாலையில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பயணம்

காலை ஏழு மணிக்குத் தாம்பரத்தில் இறங்கினேன். பாளையங்கோட்டையிலிருந்து இரவெல்லாம் குலுங்கி வந்த என்னை அழைத்துப்போக என் பள்ளித் தோழி ஸ்டெல்லா வந்திருந்தாள். தூசிக்குப் பயந்து துப்பட்டாவால் முகத்தைச் சுற்றியிருந்தாள். கண் மட்டும் தெரிந்தது. டீச்சர் வேலையை விட்டுவிட்டு பீர்க்கன்கரணையில் கேக் கடை போட்டு மூன்று மாதமாக ஈ ஓட்டுகிறாள்.

"இந்த மாசக் கடைசிக்குள்ள சூடு பிடிக்கலன்னா கடையக் காலி பண்ணிடுன்னு டேவிட் சொல்லிட்டாருடி" என்றாள். டேவிட் அவள் கணவர். "மெயின் ரோட்டுல அவ்ளோ பெரிய பேனர் வச்சும் ஒருத்தரும் வரல. நீ படம் வரையறவதானே, என்னன்னு பாரு."

ஜவுளிக்கடைப் பைகளுக்குப் படம் வரைந்து பிழைப்பவள் நான். எனக்கு இதைவிட நல்ல சுற்றுலா ஏது?

ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு இருபது ரூபாய். தூரம் மூன்று நான்கு கிலோமீட்டர். வழியில் ஒரு விளையாட்டு வைத்துக்கொண்டேன். ஒரு விளம்பரம் கடந்ததும் கண்ணை மூடுவேன். உள்ளே என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்பேன். ஹார்டுவேர் கடைப் பலகையில் குழாய், பெயின்ட், பூட்டு, முதலாளி, முதலாளியின் அப்பா என்று ஊரே இருந்தது. கண்ணை மூடினால் ஒன்றும் இல்லை. பிரியாணிக் கடையில் சிவப்புப் பின்னணி, ஆவி பறக்கும் ஒரே ஒரு அண்டா. அது மட்டும் ஏர்போர்ஸ் ஸ்டேஷன் தாண்டியும் கண்ணுக்குள் நின்றது, பசியும் எடுத்தது. கண்ணாடிக் கடைக்காரர் இன்னும் கெட்டிக்காரர். வெள்ளைப் பலகை, நடுவில் ஒரு மூக்குக்கண்ணாடி, சுற்றிலும் வெறும் இடம். அந்த வெறும் இடத்துக்குக் காசு கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்!

"இப்ப நம்ம பேனர் வருது. நல்லாப் பாரு" என்று ஸ்டெல்லா என் தொடையைக் கிள்ளினாள்.

பார்த்தேன். நான் வாய் திறப்பதற்குள் எதிரே உட்கார்ந்திருந்த அம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

"ச்சு... பாவம்பா. சின்ன வயசு. சிரிச்சுகினு கீது பாரு மூஞ்சி. எப்டிப் போய்ச் சேந்துச்சோ."

ஸ்டெல்லா துப்பட்டாவை இழுத்து அவிழ்த்தாள். "அக்கா, அது நான்தான்."

"ஐயோ ஆண்டவரே!" என்று அந்த அம்மா என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. டிரைவர் பிரேக் போட்டார்.

இறங்கி நின்று பேனரைப் பார்த்தோம். பணக்காரத் தோற்றம் வேண்டுமென்று கருப்புப் பின்னணி. நடுவில் ஸ்டெல்லாவின் சிரித்த முகம். சுற்றிலும் வெள்ளை லில்லிப் பூ. மேலே பைபிள் வசனம். கேக் எங்கோ மூலையில் எலுமிச்சை அளவுக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, படத்துக்குக் கீழே இடப்பக்கம் திறக்கும் நேரம், வலப்பக்கம் மூடும் நேரம். கண்ணீர் அஞ்சலியில் தோற்றமும் மறைவும் போடும் அதே இடம்! இந்தச் சாலையில் போகிறவர்களுக்கு அந்த அமைப்பு பழகிப்போன ஒன்று. எழுத்தைப் படிக்குமுன் கண் முடிவு செய்துவிடுகிறது. ஸ்டெல்லா விழுந்து விழுந்து சிரித்தாள்; பிறகு அங்கேயே நின்று அழுதாள்.

பதினோரு மணிக்கு பம்மலில் பேனர் அடிக்கும் கடை. வடிவமைப்பாளர் ஒத்துக்கொள்ளவே இல்லை.

"ஓனர் போட்டோ இல்லாம பேனராக்கா? யாரு கடைன்னு எப்டித் தெரியும்?"

"என் மூஞ்சி வேணவே வேணாம் தம்பி. மூணு மாசம் செத்துக் கெடந்தது போதும்" என்றாள் ஸ்டெல்லா. அவர் மிரண்டுபோய் மவுசைப் பிடித்தார். மஞ்சள் பின்னணி, வெட்டிய ஒரு கேக் துண்டு, 'கேக்' என்ற சொல், ஓர் அம்புக்குறி. அவ்வளவுதான்.

சாயங்காலம் அதைக் கட்டிவிட்டு ஊருக்குக் கிளம்பினேன். தாம்பரம் போகும் வேறொரு ஷேர் ஆட்டோவில் டிரைவர் பேனரைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார்.

"அந்தப் பொண்ணு பேனர எடுத்துட்டாங்க போல. கேக் கட எப்ப வந்துச்சு இங்க?"

"மூணு மாசமா இருக்குண்ணா. அந்தப் பொண்ணுதான் கேக் சுடுறா."

அவர் திரும்பி என்னை முறைத்தார். விளக்கிச் சொன்னேன். ஆட்டோ முழுக்கச் சிரித்தது. அவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "நெதம் கும்பிட்டுனு போவேன்க்கா" என்றார். பிறகு, "நாளைக்கு என் பொண்ணுக்குப் பொறந்த நாளு. ஒரு கிலோ சொல்லிடவா?"

அங்கிருந்தே ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டு அவரிடம் கொடுத்தேன்.