கயிற்றுக் கோடு போட்ட சறுக்குத் தளம்

1984, மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. காலை ஏழே காலுக்குச் சாவகச்சேரியில் ரயில் ஏறினேன். சுன்னாகத்துக்கு மூன்றாம் வகுப்பில் நாலு ரூபாய். பையில் அளவு நாடா, சுருட்டிய வரைபடம், சாப்பாட்டுப் பார்சல், ஒரு கண்ணாடி மாபிள் குண்டு.

நாவற்குழி தாண்டியதும் எதிரே இருந்த வெங்காய வியாபாரி வரைபடத்தைப் பார்த்துக் கிணறோ என்று கேட்டார். சில்லுப் பலகையில் சறுக்கி ஓடும் இடம் என்றேன்.

“விழுறதுக்கே இடம் கட்டுறியள், பிள்ளை?”

பெட்டி முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஒன்பது மணிக்குச் சுன்னாகம். அங்கிருந்து தண்டவாளத்தை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில், வெங்காயப் பாத்திகளின் ஓரமாக ஒரு மைல் நடை. தளம் போட்டிருந்த வாசிகசாலையின் பின் காணி தண்டவாளத்தைப் பார்த்தபடி இருந்தது. வதனியும் அவளுடைய தம்பி யோகனும் அங்கே காத்து நின்றார்கள். ஜேர்மனியில் இருந்த மாமா அனுப்பிய, அடியில் நாலு சின்னச் சக்கரம் பூட்டிய ஒரேயொரு பலகை அவர்களுடையது. அதைப் பழகிய ஊர்ப் பிள்ளைகள் பத்துப் பேராவது இருப்பார்கள். தளம் ஓடுவதற்கு உதவாவிட்டால் வெங்காயம் காயப்போடக் கொடுத்துவிடுவதென்ற நிபந்தனையோடுதான் வாசிகசாலைத் தலைவர் காணியைத் தந்திருந்தார்.

தொழில்நுட்பக் கல்லூரியில் எனக்கு வாய்க்காலும் மதகும் கற்பித்தார்கள். இது எவரும் கற்பிக்காதது. ஆகவே வதனியைப் பள்ளிக்கூட வீதியில் பல தடவை ஓடவிட்டுப் பார்த்துத்தான் வரைந்தேன். சரிவும் தரையும் மூலையாக முட்டாமல் வளைந்து சேர வேண்டும். ஒரு சரிவால் இறங்கியவள் அடுத்ததில் ஏறுமுன் காலைச் சரிப்படுத்தத் தட்டையான தூரம் வேண்டும். காத்து நிற்பவர்களுக்கு ஓடுபாதைக்கு வெளியே ஓரம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தளம் வழுவழுப்பாக இருக்க வேண்டும்.

வளைவு அருமையாக வந்திருந்தது. பனஞ்சலாகையை வளைத்து அச்சாக வைத்து மேசன் சின்னராசா அண்ணை இழுத்திருந்தார். ஆனால் தளம் முழுவதும், சரிவிலுங்கூட, சதுரம் சதுரமாகக் கோடு. ஈரச் சீமெந்தில் கயிற்றை அமத்தி எடுத்த கோடு. எங்கள் பக்கத்து விறாந்தைகளில் கால் வழுக்காமல் இருக்கப் போடுவது. வழுவழுப்பைச் சோதிக்க மாபிளை உருட்டினேன். முதல் கோட்டில் துள்ளியது, இரண்டாவதில் திரும்பியது, மூன்றாவதில் நின்றுவிட்டது.

தலைவர் சொல்லித்தான் போட்டதாக அண்ணை சொன்னார். பக்கத்தில் நின்ற தலைவரும் ஒப்புக்கொண்டார். “சறுக்கி விழுந்தால் ஆர் பதில் சொல்லுறது?”

வதனி பலகையில் ஏறிச் சரிவால் இறங்கிக் காட்டினாள். பாதிச் சரிவில் சில்லு கோட்டில் பிடித்தது. முழங்கை உரஞ்சுப்பட விழுந்தாள்.

“பாத்தியளே,” என்றார் தலைவர். “கோடு காணாது, இன்னும் போடவேணும்.”

வதனி என்னைப் பார்த்தாள். சீமெந்து போட்டு மூன்று நாள், இன்னும் பச்சை. அன்றே கோடுகளை நிரப்பினால் பிடிக்கும். காய்ந்தபின் பூசினால் பொருக்காகக் கழன்றுவிடும். விளக்கிச் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்தது.

“மாஸ்டர், ஒருக்கா இதிலை இருங்கோ,” என்றேன் தலைவரிடம்.

அவர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு பலகையில் குந்தினார். யோகன் பின்னால் பிடித்து மெதுவாகத் தள்ளினான். கடகடவென்று நாலைந்து சதுரம் போயிருக்கும். தலைவர் வாயைப் பொத்திக்கொண்டு கையை ஆட்டினார்.

“விடு தம்பி, பல்லுச்செட்டு கழருது.”

இறங்கி, வாயைச் சரிசெய்து, கோடுகளைக் குனிந்து பார்த்தார். “சரி, நிரப்புங்கோ.”

அண்ணைக்குத்தான் முகம் விழுந்துவிட்டது. “நான் கோடு போடாத விறாந்தை இந்த ஊரிலை இல்லை, தங்கச்சி.”

“காத்து நிக்கிற ஓரத்திலை அப்பிடியே விடுங்கோ, அண்ணை. அதிலை ஆக்கள் நடப்பினம். கோடு வேணும்.”

அவர் வாளியை எடுத்தார். சீமெந்தைக் கூழாகக் கரைத்து வரிவரியாக நிரப்பி, தேய்த்து முடிக்கப் பின்னேரம் மூன்று மணியாயிற்று. ஒரு கிழமை ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும், யாரும் ஏறக்கூடாது. ஓடுவதைப் பார்க்காமலே திரும்பினேன். பாதை வளைவில் திரும்பிப் பார்த்தபோது, கட்டுப்போட்ட முழங்கையோடு வதனி பூவாளியால் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருடமே ஒருநாள் காங்கேசன்துறைக்குப் போகும்போது, சுன்னாகம் கழிந்ததும் ஜன்னலுக்கு மாறி இருந்தேன். வாசிகசாலை வந்தது. ஒரு சரிவால் இறங்கி, தட்டையில் நிமிர்ந்து, மறு சரிவில் ஏறிக்கொண்டிருந்தாள் வதனி. கோடு போட்ட ஓரத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். சில்லு ஓடும் ஓசை கேட்கிறதா என்று காதைக் கொடுத்தேன். என் காலுக்குக் கீழே ரயில்தான் கடகடத்தது.

பத்து வருடமாயிற்று. யுத்தத்தால் இன்று ரயில் இல்லை. தண்டவாளத்தையும் கழற்றிப் பதுங்குகுழிகளுக்கு மேல்மூடியாகப் போட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டு விறாந்தையிலும் கயிற்றுக் கோடுதான். மழைநாளில் வெறுங்காலோடு அதில் நிற்கும்போதெல்லாம் ஒன்று நினைப்பேன்: நிரப்பிய தளத்தில் மாபிளை ஒருமுறை திரும்ப உருட்டிப் பார்த்திருக்கலாம். பிறகு, தேவையில்லை, வதனி மறு சரிவில் ஏறிவிட்டாள் என்று எண்ணி உள்ளே போவேன்.