ரெண்டும் சேந்தது

எனக்குப் பிரஷர் என்று தெரிந்த பிறகுதான் என் கோபத்துக்கு ஊரில் ஒரு மரியாதை வந்தது. அதற்கு முன்னால் என்னை வாயாடி டீச்சர் என்றார்கள். பிறகு அதே வாய்க்கு, "பாவம், பிரஷருங்க" என்று பரிதாபப்பட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரருக்கு மட்டும் இதில் ஒரு சந்தேகம் இருந்தது. "பிரஷர் வந்து கத்தறியா, கத்திக் கத்திப் பிரஷர் வந்துச்சா அம்மிணி?" என்று கேட்பார். கேட்ட கையோடு கடைக்குக் கிளம்பிவிடுவார். பதிலை நின்று வாங்கிக்கொள்கிற தைரியம் அவருக்குக் கிடையாது.

அது தொண்ணூறுகளின் ஆரம்பம். எங்கள் வீடு ஏற்காட்டில். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் குடை, கம்பளி, ரப்பர் செருப்பு விற்கிற சின்னக் கடை அவருடையது. நான் நாகலூரில் ஆரம்பப் பள்ளி டீச்சர். எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள்தான் அங்கே படித்தார்கள். காலை பஸ்ஸில் போவேன், சாயங்கால பஸ்ஸில் திரும்புவேன்.

பிரஷருக்குச் சேலத்தில் ஒரு டாக்டரிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாத்திரை கொடுத்திருந்தார். வெள்ளை மாத்திரை இதயத் துடிப்பை அடக்கி வைக்கிறது. மஞ்சள் மாத்திரை உடம்பில் தேங்குகிற நீரை வெளியே தள்ளுகிறது. வெள்ளையை ஒழுங்காகப் போட்டுவிடுவேன். மஞ்சளோடுதான் தகராறு. அதைப் போட்டால் அடிக்கடி எழுந்து ஓட வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் கிடையாது. பின்னால் காப்பிச் செடிதான். வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, டீச்சர் காப்பிச் செடிக்குள் போவதும் வருவதுமாக இருந்தால் மானம் என்னத்துக்கு ஆகும்? அதனால் பள்ளிக்கூடம் உள்ள நாளில் மஞ்சளை விட்டுவிடுவேன். டாக்டர் கேட்டபோது மறைக்காமல் சொன்னேன். கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார். மருந்தை மாற்றி எழுத ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்துத்தானா வெளியே வராண்டாவில் ஒரு அம்மாள் என் பையைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு என் இடத்தில் உட்கார வேண்டும்? கதவிடுக்கு வழியாகக் கண்ணால் பார்த்தேன். சும்மா விடுகிற ஆளா நான்? எழுந்து போய், "ஏனுங்க, உங்க ஊட்டுப் பெஞ்சா இது?" என்று ஆரம்பித்துவிட்டேன். டாக்டர் கடைசியாகச் சொன்னதை உள்ளே நின்று கேட்டவர் என் வீட்டுக்காரர்தான்.

மலை ஏறுகிற பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு, "டாக்டர் என்னங்க சொன்னாரு?" என்று கேட்டேன்.

"புது மாத்திரை ஒண்ணு எழுதியிருக்காரு. ரெண்டும் சேத்து, காலைல உண்டதுக்கப்புறம் ஒண்ணு."

"ரெண்டும் சேத்தா?"

"ஆமா. பழசு ரெண்டையும் சேத்து."

"அப்ப மூணு போடோணுமா?"

"பிரஷர் நொம்ப ஏறியிருக்குதாட்டம் இருக்குது அம்மிணி. மூணு போட்டாத்தான் அடங்கும்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பயத்தில் இந்தத் தடவை மஞ்சளையும் ஒரு நாள் விடாமல் போட்டேன். என் பிரஷருக்கு மூன்று என்ன, ஐந்து எழுதியிருந்தாலும் ஏனென்று கேட்டிருக்க மாட்டேன். சீட்டில் புது மாத்திரையின் பெயர் மட்டும்தான் இருந்தது. பழையதுதான் வீட்டில் இருக்கிறதே, அதை எதற்கு மறுபடி எழுதுவார் என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். பழையது தீர்ந்தபோது என் வீட்டுக்காரர் காலி அட்டையை மருந்துக் கடையில் காட்டி வாங்கி வந்தார். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார், அவ்வளவுதான்.

முதலில் போனது கோபம். அது எப்படிப் போனது என்றே தெரியவில்லை. வகுப்பில் இரண்டு பிள்ளைகள் கட்டிப் புரண்டு சண்டை போட்டார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய்ப் பிரித்துவிட வேண்டும் என்று தெரிகிறது. ஆனால் அது வேறு யாரோ ஒருத்தி வந்து செய்ய வேண்டிய வேலை மாதிரி இருக்கிறது. அவர்களாகவே சலித்துப்போய் எழுந்து, அடி விழாத ஆச்சரியத்தில் என் முகத்தைப் பார்த்தார்கள்.

காப்பிப் பழம் பறிக்கிற ஒரு தாய் வழியில் என்னை நிறுத்தினாள். "டீச்சரம்மா, இப்பல்லாம் நீங்க நொம்பச் சாந்தமாயிட்டீங்கன்னு புள்ள சொல்லுதுங்க. நல்லா இருக்கோணுமுங்க" என்று கும்பிட்டாள். சிரித்தேன். எதற்குச் சிரிக்கிறேன் என்று எனக்கே புரியவில்லை.

வீட்டிலும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வர ஆரம்பித்தார். ரேடியோவைப் போட்டு வைத்துக்கொண்டு என் எதிரில் உட்காருவார். சாம்பாரில் உப்பில்லை என்பதைக்கூட வாய்விட்டுச் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்லாத ஒன்று அது.

பிறகு தலை சுற்ற ஆரம்பித்தது. நாகலூர் பஸ்ஸின் வளைவு என்று நினைத்தேன். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கின பிறகும் ரோடு வளைந்தது. விரல்கள் விறைத்துப் போயின. பனிக்காலம், மலையில் யாருக்குத்தான் விறைக்காது? கால் சதை இரவில் முறுக்கிக்கொண்டது. நடக்கிறோமல்லவா என்று தைலம் தேய்த்தேன். காப்பிச் செடிக்குள் போய் வருவதைப் பற்றிய வெட்கமெல்லாம் எப்போதோ விட்டுப்போயிருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கையில் இருந்தது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு காரணம் இருக்கும் என்று மட்டும் தோன்றவே இல்லை.

ஒரு நாள் கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். ஏழு எட்டு என்று எழுதிவிட்டு நின்றேன். வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. பின்னாலிருந்து பிள்ளைகள் ஒரே குரலில், "அம்பத்தாறுங்க டீச்சர்" என்றார்கள். கேலிக்குச் சொல்லவில்லை, என் மேல் இரக்கப்பட்டுச் சொன்னார்கள். அந்த இரக்கம் எனக்குப் பொறுக்கவில்லை. வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

என் சின்னம்மா ஒருத்தி இருந்தாள். அம்மாவின் தங்கை. வயதாவதற்கு முன்பே புத்தி கலங்கிப்போய், பெற்ற பிள்ளைகளையே யாரென்று கேட்டாள். அவளுக்கும் இப்படித்தான் ஆரம்பித்திருக்குமோ? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்கு நானே வாய்ப்பாடு சொல்லிப் பார்ப்பேன். ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. வராத நாளில் சின்னம்மா முகம்தான் கண்ணில் நிற்கும். வந்த நாளிலும் நிம்மதி இல்லை, நாளைக்கு வருமோ என்ற பயம்தான்.

தலைமை ஆசிரியருக்கும் விஷயம் போய்விட்டது. நல்ல மனிதர். "லீவு போட்டு உடம்பப் பாருங்கம்மா. முடியலைன்னா எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா ஊட்ல இருங்க" என்றார். முன்பு என்றால் அந்த வார்த்தைக்கு அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். இப்போது, "சரிங்க சார்" என்றேன்.

வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரரும், "உட்டுப்போடு அம்மிணி. கடை இருக்குதில்ல" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அந்த வேலையை விட்டால் வேறு என்ன தெரியும்? அந்தப் பிள்ளைகளை அதட்டி உருட்டித்தான் நான் ஒரு ஆளாக நடமாடிக்கொண்டிருந்தேன். அதையெல்லாம் அவரிடம் சொல்ல நினைத்தேன். பாதி யோசிப்பதற்குள் மீதி மறந்துபோயிற்று. வேலையை விடுவதாக ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை எழுந்ததும் மூன்று மாத்திரையையும் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். சாப்பிடத் தோன்றவில்லை. நாகலூரில் பஸ் நின்றது. எழுந்தேன். எழுந்தது வரைக்கும்தான் ஞாபகம்.

படியில் விழுந்தேனாம். நெற்றி பிளந்து ரத்தம் கொட்டியதாம். கண்டக்டரும் பெண்கள் சிலரும் தூக்கி, அதே பஸ்ஸில் படுக்க வைத்து ஏற்காட்டுக்குத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டில். ஒரு பெண் டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நாடி பார்த்தார். நம்பாமல் மறுபடியும் பார்த்தார். காலடியில் என் வீட்டுக்காரர் செருப்புகூட இல்லாமல் நின்றார். கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறார். செருப்பு விற்கிற மனிதர்!

"என்ன மாத்திரை சாப்பிடறாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"பிரஷருக்குங்க. மூணு."

"எல்லாத்தையும் கொண்டு வாங்க. ஒண்ணுகூட விடாதீங்க."

மஞ்சள் பையில் போட்டுக் கொண்டு வந்தார். டாக்டர் மூன்று அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பின்பக்கம் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். முகம் மாறியது.

"இந்தப் புது மாத்திரைக்குள்ளயே இந்த வெள்ளையும் இருக்குது, இந்த மஞ்சளும் இருக்குது. பேருதான் வேற, மருந்து ஒண்ணுதான். தனித்தனியாப் போட்டா ஒண்ணு விட்டுப்போகும்னு ஒரே மாத்திரையாக் குடுத்திருக்காரு. நீங்க எல்லாத்தையும் ரெண்டு மடங்கு குடுத்துக்கிட்டு இருக்கீங்க."

"டாக்டரு ரெண்டும் சேத்துன்னுதானுங்க சொன்னாரு" என்றார் என் வீட்டுக்காரர்.

"சேத்துன்னு சொன்னாரா, சேந்ததுன்னு சொன்னாரா?"

அவர் யோசித்தார். உதடு அசைந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. கடைசியில் சுவரில் சாய்ந்துவிட்டார். ரெண்டும் சேந்தது என்றால் ஒன்று போதும். ரெண்டும் சேத்து என்றால் மூன்று. அந்த இடைவெளியில்தான் என் புத்தி போய்க்கொண்டிருந்தது.

"அப்ப எனக்குப் பைத்தியம் இல்லீங்களா?" என்று கேட்டேன். அதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"பைத்தியம் இல்லைங்க. துடிப்பு இறங்கிப்போச்சு, ரத்தத்துல உப்பும் குறைஞ்சிருக்கும். மூளைக்கு என்ன பண்றதுன்னு தெரியலை. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போயிருந்தா உயிருக்கே ஆபத்து."

மூன்றையும் தூக்கிக் குப்பையில் போடுங்கள், இனி ஒரு மாத்திரையும் வேண்டாம் என்றேன். டாக்டர் அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த மருந்தை அடியோடு நிறுத்தினால் அடங்கிக் கிடக்கிற பிரஷர் திமிறிக்கொண்டு கிளம்புமாம், நெஞ்சுக்கு ஆகாதாம். கூட்டுவதோ குறைப்பதோ நிறுத்துவதோ நீங்களாகச் செய்யாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொன்னார். அங்கேயே படுக்க வைத்து, ரத்தம் சோதித்து, துடிப்பு ஏறுகிற வரை பார்த்துவிட்டு, பிறகுதான் புது மாத்திரையை மட்டும் தொடங்கினார். எந்த டாக்டரிடம் போனாலும் வீட்டில் இருக்கிற அட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள் என்றார். போட்டால் தலை சுற்றும், விட்டால் நெஞ்சுக்கு ஆகாது, இது என்ன மருந்து என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

போகிறபோது அவர் என் வீட்டுக்காரரிடம் கேட்டார்: "இத்தனை நாளா ஒரு மாற்றமும் தெரியலையா உங்களுக்கு?"

"தெரிஞ்சுதுங்க" என்றார் அவர், உண்மையைத் தவிர வேறு சொல்லத் தெரியாத மனிதர். "ஊட்ல சத்தமே இல்லீங்க. மருந்து நல்லா வேலை செய்யுதுன்னு நெனைச்சேனுங்க."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, உடம்பில் அதற்குத் தெம்பில்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் வழிந்தது.

கைப்பையில் இருந்த தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, நெற்றித் தழும்போடு பள்ளிக்கூடம் போனேன். வாய்ப்பாடு திரும்பி வந்தது. கொஞ்ச நாளில் கோபமும் வந்தது. ஒரு சாயங்காலம் ரேடியோவை ஏன் இத்தனை சத்தமாக வைக்கிறீர்கள் என்று என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் வீட்டுக் கூரை கேட்டு வெகுநாளான சத்தம். அவர் ரேடியோவை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. இத்தனை நாள் எதிரில் உட்கார்ந்து சிரித்தாரே, அது என்னைப் பார்த்தா, அந்த மாத்திரையைப் பார்த்தா? கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நான் அப்படியே இருந்திருந்தா உங்களுக்குப் புடிச்சிருக்குமுங்களா?"

இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். யோசித்தார்.

"புடிச்சிருக்கும் அம்மிணி" என்றார். "ஆனா நீ செத்துப் போயிருப்பியாமே."

அதற்குத் திட்டுவதா, அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்து போய் அவருக்குச் சோற்றைப் போட்டேன்.