எஞ்சின் ஒயிலில் உப்பு

“எஞ்சினைக் கழற்றாமல் உள்ளுக்குத் தேஞ்சிருக்கோ எண்டு எப்பிடி அறியிறது, ரீச்சர்?” என்று முன்பு ஒரு மாணவி வகுப்பில் கேட்டாள்.

இரத்தம் சோதிப்பதைப் போலத்தான். கொஞ்சம் ஒயில் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால், தேய்ந்த உலோகம் அதில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

காலமான என் கணவரின் காருக்கும் அதைத்தான் செய்தேன். உலோகம் குறைவு, சோடியம் அதிகம் என்று கொழும்பிலிருந்து முடிவு வந்தது.

“சோடியம் எண்டா ரேடியேற்றர்த் தண்ணி ஒயிலுக்குள்ள இறங்குது போல. வித்துப்போடுங்கோ ரீச்சர்,” என்றார் மெக்கானிக் அன்ரன்.

எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காரில்தான் என் கணவர் என்னைத் தீவிலிருந்து பாலம் தாண்டி, உயிலங்குளம் வரை வயல் பார்க்கக் கூட்டிப்போவார்.

பிறகு ஒரு நாள், கழுவிக் கவிழ்த்த கிளாசில் வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பார்த்தேன். பள்ளிமுனையில் எங்கள் கிணறு உவர்; உப்பில் இருப்பதும் சோடியம்தானே. ஒயில் அனுப்பிய போத்தலையும் அந்தத் தண்ணீரில்தான் கவனமாகக் கழுவியிருந்தேன்.

புதுப் போத்தலில் மறுபடி அனுப்பினேன். இன்று முடிவு வந்தது. சோடியம் இல்லை, எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறது.

“அப்ப நோய் காருக்கில்லை, கிணத்துக்குத்தான்,” என்று அன்ரன் சிரித்தார். “இனி எங்க ஓட்டம்?”

மாலையில் தனியாக உயிலங்குளம் போனேன். நெல் கதிர் விட்டிருந்தது. “பாருங்கோ,” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். காருக்குள் என்னைத் தவிர யாருமில்லை.

உவர்க் கிணற்று வீட்டுக்காரர்களே, ஒயில் அனுப்பும் போத்தலை மட்டும் கழுவாதீர்கள்.