கடப்பாரைக்குப் பதில் கட்டை

இன்று பழைய லேத் எந்திரம் ஒன்றை விலை பேசப் போனபோது அதன் எண்ணெய் வாடை, சங்கரன்கோவிலில் இப்போது செல்போன் கடையாகிவிட்ட, இரும்புச் சுருள்கள் எப்போதும் காலில் குத்திய அப்பாவின் பட்டறைக்குள் என்னைக் கொண்டுபோய் விட்டது. அங்கே ஒருநாள் பழைய லேத்தைக் குழாய்கள் மேல் உருட்டி வந்தபோது, அது சரிந்து வேலையாள் முருகையாவின் பாதத்தில் ஏறி நின்றது. இன்னொரு வேலையாள் அதன் பெட்டில், அந்த வழவழப்பான இரும்புத் தளத்தில், கடப்பாரையைச் செருகி நெம்பப் போனார்.

"ஏலே, பெட்டுல கீறல் விழுந்துரும். போய் மரக்கட்டை எடுத்துட்டு வா," என்றார் அப்பா.

"எங் கால் எங்கயும் ஓடிராது மொதலாளி, பையவே எடுங்க," என்றார் முருகையா, பல்லைக் கடித்தபடி.

கட்டை வந்து லேத்தைத் தூக்கியதும் அப்பா குனிந்து பெட்டை நகத்தால் நீளத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல வேளை, ஒண்ணும் ஆவல," என்றார். முருகையா அதன்பின் நேராக நடக்கவேயில்லை. அப்பா அப்படிச் சொன்னதும் எனக்கும் அன்று நிம்மதியாகத்தான் இருந்தது.