கண்ணில் தண்ணீர் ஊற்றும் வேலை

கண் ஆஸ்பத்திரி உதவியாளர் வேலை என்பது நாள் முழுவதும் அடுத்தவர் இமையை விரலால் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, மகளைவிடச் சின்னப் பெண்களோடு உட்கார்ந்து ஒரு வேலையைக் கற்றுக்கொண்டவர்கள் உங்களில் இருந்தால், என் பாடு உங்களுக்கு விளக்கம் சொல்லாமலே புரியும். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பல வருஷம் சரம் பின்னினேன். முழங்கால் மடங்காமல் போனதும் விருதுநகரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கச் சேர்ந்தேன். ஆள் பற்றாக்குறையில் என்னையும் பயிற்சிக்குள் தள்ளிவிட்டார்கள்.

ஒரு சொட்டு

முதலில் எங்களுக்குள்ளேயேதான் பழகவேண்டும். எனக்கு ஜோடியாக வந்தவள் சுபா, காரியாபட்டிப் பெண், பத்தொன்பது வயது. கீழ் இமையை இழுத்து, அதில் உண்டாகும் சின்னப் பள்ளத்தில் ஒரே ஒரு சொட்டு விடவேண்டும். குப்பியின் மூக்கு இமைமுடியில் படக்கூடாது. எனக்கு அடுத்தவர் முகத்தைத் தொடவே கூச்சம். அதோடு ஒரு சொட்டு என்றால் ஒரு சொட்டாகத்தான் இருக்கவேண்டும் என்கிற குணம் வேறு. குப்பியை அந்தரத்தில் பிடித்தபடி நான் நின்றுகொண்டே இருந்தேன்.

பயிற்சி கொடுக்கும் ஜெயா சிஸ்டர் என்னைவிட இருபது வயது இளையவர். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மல்லாந்து படுத்திருந்த சுபாதான் சொன்னாள்: "அக்கா, மொதல்ல நீங்க மூச்சை விடுங்க. எனக்கு ஒண்ணும் ஆகல."

படிகள்

பார்வையைச் சோதிப்பதில் சில படிகள் இருக்கின்றன. முதலில் சுவரில் மாட்டிய அட்டை. அது தெரியவில்லை என்றால் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்கவேண்டும். அதுவும் இல்லை என்றால் கையை முகத்துக்கு முன்னால் ஆட்டவேண்டும். கடைசியில் டார்ச் வெளிச்சம். நோயாளி ஒவ்வொரு படியாக இறங்கும்போது நம் குரலும் கூடவே இறங்கிவிடும். குரலை ஒரே மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் பயிற்சிதான்.

எழுத்துப் படிக்காதவர்களுக்கு மூன்று கால் போட்ட அடையாளம் இருக்கிற அட்டை. கால்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றனவோ அந்தப் பக்கம் அவர்கள் கையைக் காட்டவேண்டும். ஆமத்தூரிலிருந்து வந்த ஒரு பெரியவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. நான் அட்டையைத் தொட்டுக்காட்ட, அவர் கையைத் தூக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "தாயி, எந்தப் பக்கம் காட்டுனா ஆப்ரேசன் இல்லன்னு விடுவீக?"

ஈரம்

மாரிச்செல்வம் வந்தது சீசன் வேலை சூடுபிடித்திருந்த சமயம். பட்டாசு மருந்து கலக்கிற இடத்தில் வேலை. மூட்டையை இறக்கும்போது தையல் விட்டு, பொடி அவன் வலது கண்ணில் அடித்துவிட்டது. தீ எதுவும் பிடிக்கவில்லை. மனைவி ஜோதியும் அதே கம்பெனிதான். பஸ் மாறி அவனைக் கூட்டிவந்திருந்தாள். கண்ணுக்கு மேல் ஒரு காய்ந்த துணி கட்டியிருந்தது. அவிழ்த்தால் இமை ஓரமெல்லாம் சாம்பல் நிறத்தில் பொடி அப்படியே இருக்கிறது.

நான் உப்புத்தண்ணீர் பாட்டிலை எடுத்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். ஜெயா சிஸ்டர், "பயப்படாதீங்க, எரியாது" என்றார். அவன் எரிச்சலுக்குப் பயப்படவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. பட்டாசுக் கம்பெனியில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது, மருந்துப் பக்கம் தண்ணீர் வரக்கூடாது என்பதைத்தான். ஈரம் பட்ட மருந்து தானாகவே சூடேறி வெடித்து, ஷெட்டோடு ஆட்கள் போயிருக்கிறார்கள். மழை நாளில் தலையைத் துவட்டாமல் உள்ளே விடமாட்டார்கள். மாரிச்செல்வம் என் கையை விடாமல் சொன்னான்: "அக்கா, மருந்து நனைஞ்சா கொதிக்கும். என் கண்ணுக்குள்ள கொதிக்கட்டும்ங்கிறீகளா?"

காய்ந்த துணி

சிஸ்டர் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். "கண்ணு ஏற்கனவே ஈரந்தான் தம்பி. இமையை மூடுன ஒடனேயே அது நனைஞ்சிருச்சு. இத்தனூண்டு பொடி வெடிக்காது. உள்ள கெடந்து அரிக்கும். வெளிய போனாத்தான் நிக்கும்" என்றார். பிடி தளர்ந்தது. மரத்துப்போக ஒரு சொட்டு விட்டு, நான் இமையைப் பிடிக்க, அவர் ஊற்றினார். மேல் இமையைத் திருப்பி அங்கே ஒட்டியிருந்ததைப் பஞ்சுக் குச்சியால் எடுத்தார். நடுநடுவே, மருந்தின் காரம் மிச்சம் இருக்கிறதா என்று நிறம் மாறும் தாளைக் கண்ணோரத்தில் வைத்துப் பார்ப்பார். தாள் சரியான நிறம் காட்டும் வரை பாட்டில் பாட்டிலாக ஊற்றிக்கொண்டே இருந்தோம். கருவிழி வெள்ளையாகிவிட்டிருந்தது. அதன்மேல் கோடு கோடாகக் கீறல்கள்.

கீறல் எப்படி வந்தது என்று டாக்டரம்மா கேட்டார். ஜோதி, கம்பெனியில் மருந்து சிந்தினால் எப்படிக் கூட்டுவார்களோ அப்படியே, காய்ந்த துணியால் துடைத்ததாகச் சொன்னாள். திட்டு விழும் என்று எதிர்பார்த்து நின்றாள். யாரும் திட்டவில்லை. அதனால்தானோ என்னவோ, கேட்காததையும் சொன்னாள்: "சாத்தூர் பஸ் ஸ்டாண்டுல ஒருத்தரு தண்ணி பாட்டிலத் தொறந்துக்கிட்டு வந்தாரு. நான்தான் தட்டிவிட்டேன்."

விரல்கள்

மாரிச்செல்வத்தை வார்டில் வைத்துக்கொண்டார்கள். மணிக்கொரு தரம் சொட்டு விடுவதும் காலையில் பார்வை சோதிப்பதும் என் பொறுப்பு. அட்டை முதல் நாளே தெரியவில்லை. இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண் முன்னால் விரலை நீட்டினால் தடுமாறித் தடுமாறிச் சொல்வான், பாதி தப்பாக இருக்கும். பிறகு ஒரு காலையில் எல்லாமே சரியாகச் சொன்னான். மூன்று, ஒன்று, நான்கு, இரண்டு. எனக்கு அத்தனை சந்தோஷம். கண்ணைப் பார்த்தால் நேற்றைவிட வெள்ளை கூடியிருக்கிறது. கணக்கு உதைத்தது.

மறுபடி விரலை நீட்டிவிட்டு அவனைப் பார்க்காமல் அவன் பின்னால் நின்ற ஜோதியைப் பார்த்தேன். தோளில் வைத்த கை, நான் காட்டிய விரல்களின் எண்ணிக்கைக்குத் தட்டிக்கொண்டிருந்தது. நான் அவளை வெளியே போய் நிற்கச் சொன்னேன். கதவு சாத்தியதும் மாரிச்செல்வம் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அவ நிக்கட்டும்க்கா. எனக்குத் தெரியுதுன்னு அவளுக்குத்தான் வேணும்."

கேள்வி

அவன் பார்வை விரலிலிருந்து கை அசைவு, கை அசைவிலிருந்து வெளிச்சம் என்று இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. வேறொருவர் கருவிழியை வைத்துப் பார்க்கலாம், ஆனால் இப்போது முடியாது, வைத்தாலும் உறுதி சொல்ல முடியாது என்று டாக்டரம்மா இருவரிடமும் சொன்னார். வீட்டுக்கு அனுப்பும் நாளில் நான் சொட்டுகளை அடுக்கி, எது எப்போது என்று ஜோதிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அங்கனயே தண்ணி ஊத்தியிருந்தா அவுகளுக்குக் கண்ணு தெரிஞ்சிருக்குமா?" என்றாள்.

இந்த மாதிரிக் கேள்விக்கு "டாக்டரைக் கேளுங்க" என்று சொல்லத்தான் எங்களுக்குப் பாடம். அது வாயில் வரவில்லை. தெரிந்ததை மட்டும் சொன்னேன்: "பொடி வெளிய போயிருக்கும். எம்புட்டுப் பார்வை மிஞ்சியிருக்கும்னு எனக்குத் தெரியாது." சொன்ன பிறகு மனசு கேட்காமல், நானும் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவள்தான், நானாக இருந்தாலும் அந்தப் பாட்டிலைத் தட்டிவிட்டிருப்பேன் என்றேன். ஜோதி சொட்டுக் குப்பிகளைப் பையில் போட்டுக்கொண்டாள். "இருக்கலாம்க்கா. ஆனா தட்டிவிட்டது நான்தானே" என்றாள்.

முகாம்

பயிற்சியின் கடைசிக் கட்டம் கம்பெனிகளில் முகாம். ஆஸ்பத்திரி கேட்டுக்கொண்டதால் மாரிச்செல்வம் வேலை பார்த்த இடத்துக்கே போனோம். அவன் அங்கே இல்லை, வீட்டில் இருந்தான். ஜோதி இருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் எல்லோரையும் உட்கார வைத்தார்கள். கூட்டத்தின் முன்னால் பேசவேண்டியது நான். கண்ணில் மருந்து பட்டால் துடைக்கக்கூடாது, ஷெட்டை விட்டு ஓடிவந்து அந்த இடத்திலேயே தண்ணீர் ஊற்றவேண்டும் என்றேன். என் குரல் முன்வரிசையைத் தாண்டியிருக்காது. போர்மேன் குறுக்கிட்டார்: "ஏம்மா, மருந்துப் பக்கம் தண்ணியக் கொண்டாராதன்னு நான் தொண்டத்தண்ணி வத்தக் கத்துறேன். நீங்க கண்ணுக்குள்ளயே ஊத்தச் சொல்றீக." சிரிப்பு எழுந்தது. அவர் சொல்வதும் தப்பில்லை. அங்கே தண்ணீர் வந்தால் செத்துப்போகிற ஆட்களுக்குப் பதில் சொல்லவேண்டியவர் அவர்.

ஊற்றிக் காட்டுகிறேன், யாராவது வாருங்கள் என்று கூப்பிட்டேன். ஒருவரும் அசையவில்லை. பின்வரிசையிலிருந்து ஜோதி எழுந்து வந்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்து தலையைச் சாய்த்து, வலது கண்ணைத் தானே திறந்துகொண்டாள். "ஊத்துங்கக்கா. கொறையா ஊத்தாதீக" என்றாள். நான் இமையைப் பிடித்து, மூக்கோரத்திலிருந்து காதோரமாக, குடத்துத் தண்ணீரைச் செம்பால் மெல்ல ஊற்றினேன். தண்ணீர் அவள் கன்னத்தில் இறங்கி, கழுத்தில் இறங்கி, மண்ணில் விழுந்தது. போர்மேன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு ஷெட்டுக்கு வெளியே, மருந்துக்கு எட்டாத தூரத்தில், வேப்பமரத்தடியிலேயே இனி ஒரு குடம் இருக்கட்டும் என்று யாரிடமோ சொன்னார்.

செம்பு காலியானதும் ஜோதி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். முன்வரிசையில் இருந்த ஒரு பெண், இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தவள் போலக் கேட்டாள், "அம்புட்டுத்தானா?"

ஜோதி அவளைப் பார்த்துச் சொன்னாள்: "அம்புட்டுத்தான்."

எனக்குப் பயிற்சி முடித்த சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். ஒரு செம்புத் தண்ணீரை எங்கே ஊற்றலாம் என்று ஒரு கம்பெனிக்குச் சொல்லித்தர ஒரு கண் செலவானது மட்டும் அதில் எழுதியிருக்கவில்லை.